நடுப்பெயரை நான் வெட்டிய கதை

1. வைத்தி

வேலைக்குப் போன முதல் நாள் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அப்பாவின் பெயர் இருந்தது.

டென்மார்க்கில் பிரெடெரிசியா நகருக்குப் பக்கத்தில் ஒரு பாண் தொழிற்சாலை. பாண் ரொட்டியையும் பணிசையும் அரைவாசி சுட்டு, உறையவைத்து, பெட்டியில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம். நான் பெட்டி அடைக்கும் பகுதியில் சேர்ந்தேன். போர்மன் பென்ட் பெரிய உடம்பும் சின்னக் குரலுமான மனிதர். குனிந்து என் அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, "வைத்தி, நீ இந்தப் பக்கம் நில்லு," என்றார்.

என் அப்பாவின் பெயர் வைத்திலிங்கம். என் பெயர் யோகராணி. எங்கள் வழக்கப்படி பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கும் என் பெயர் பின்னுக்கும் இருந்தன. டென்மார்க்கில் முன்னால் நிற்பது ஆளின் பெயர், கடைசியில் நிற்பது குடும்பப்பெயர். பதிந்தவர் இடமிருந்து வலமாக அப்படியே எடுத்து எழுதிவிட்டார். நான் யோகராணி குடும்பத்தைச் சேர்ந்த வைத்திலிங்கம் என்பவராக இந்த நாட்டில் குடியேறினேன்.

ஊரில் அப்பாவை வைத்தி என்று கூப்பிடும் உரிமை மூன்று பேருக்குத்தான் இருந்தது: அவருடைய தமையன், கூடப் படித்த ஒரு தபாலதிபர், சங்கக்கடை மனேச்சர். அம்மா ஒருநாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கே வலைத்தொப்பி போட்ட இருபது வயதுப் பெட்டைகள், "வைத்தி, அந்தப் பெட்டியைத் தா," என்று நாள் முழுக்கக் கூப்பிட்டார்கள். டேனிஷில் எல்லாருக்கும் நீதான். என்னை நீ என்பதைப் பழகிக்கொண்டேன். அப்பாவை நீ என்பது பழகவேயில்லை. ஒவ்வொரு முறையும் உடம்பு கூசும்.

திருத்துவோம் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் சிவநேசனுக்கும் அதே கதைதான். அவர் வேலை செய்த இடத்தில் அவருடைய பெயர் கந்தையா.

"பேசாமல் இரும்," என்றார். "பேரைத் தொட்டால் விசாவையும் தொடுவாங்கள். என்னைக் கந்தையா எண்டு கூப்பிடுறாங்கள். நான் செத்தே போனன்?"

அந்தப் பயம் அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. நாலு வருடம் வைத்தியாகவே இருந்தேன். நிரந்தர விசா கைக்கு வந்த பிறகுதான் துணிந்து விண்ணப்பம் போட்டு யோகராணி சிவநேசன் ஆனேன். புது அட்டையை பென்ட் கனநேரம் பார்த்தார்.

"வைத்தி, புருசனை விட்டிட்டியா?"

டென்மார்க்கில் விவாகரத்தானவர்கள் பெயரை மாற்றுவார்கள். அவருடைய கணக்கு அதுதான்.

"இல்லை. இப்பதான் புருசன்ர பேரை எடுத்திருக்கிறன்."

"அப்ப அந்த வைத்தி ஆர்?"

"என்ர அப்பா."

பென்ட் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாலு வருசமா நான் உன்ர அப்பாவையோ விரட்டிக்கொண்டு திரிஞ்சனான்?"

"ஓம்," என்றேன். அன்று முதல் எனக்கு ராணி என்று பெயர்.

2. கந்தோர்

பதினொரு வருடம் பெட்டி தூக்கினதில் வலது தோள் போய்விட்டது. நகரசபை என்னை அலுவலக வேலைக்கான படிப்புக்கு அனுப்பியது. படித்து முடித்து அதே தொழிற்சாலையின் பணியாளர் கந்தோருக்கு வந்தேன். டேனிஷ்காரர் அலுவலகத்தைக் கொன்டோர் என்பார்கள். நாங்கள் கந்தோர் என்போம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லாம். இந்த நாட்டில் நான் படிக்காமலே தெரிந்துவைத்திருந்த ஒரே சொல் அதுதான்.

எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இன்று இப்படியான கந்தோர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும், மற்றவர்களுக்குத் தாய் தகப்பன் சொல்லிக் கொடுக்கட்டும்.

என் மேலாளர் பெயர் கிர்ஸ்டன். சுருக்கமாகப் பேசுவாள், நேரத்துக்கு வீட்டுக்குப் போவாள். புதிதாகச் சேருகிறவர்களின் பாஸ்போட்டைப் பார்த்துக் கணினியில் பதிவது என் வேலை. திரையில் மூன்று பெட்டிகள்: முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர். முதலாவதும் கடைசியும் கட்டாயம். நடுப்பெட்டியை வெறுமையாக விட்டாலும் கணினி முறைக்காது. நான் பதிவதுதான் அட்டையிலும், அலுமாரிக் கதவிலும், போர்மன்மாரின் பட்டியலிலும் போகும்.

அந்த வருடங்களில் தொழிற்சாலைக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் பெயர் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் ஒரு மாதத்தில் போய்விட்டது.

ஸ்பெயின்காரருக்கு இரண்டு குடும்பப்பெயர். முதலில் தகப்பன் பக்கத்தது, பிறகு தாய் பக்கத்தது. எங்கள் கணினி கடைசியில் நிற்பதைத்தான் குடும்பப்பெயராக எடுக்கும். பாவம், எங்களிடம் சேர்ந்த ஸ்பெயின்காரர் சம்பளத்துண்டில் தாயின் வீட்டுப் பெயரால் அழைக்கப்பட்டார். போர்த்துக்கல்காரருக்கும் இரண்டு உண்டு. ஆனால் தாயின் பெயர் முன்னுக்கும் தகப்பன் பெயர் பின்னுக்கும் வரும், எனவே அவர்கள் தற்செயலாகத் தப்பினார்கள். ஸ்பெயின் பெண்கள் கலியாணம் கட்டினாலும் பெயர் மாற்றமாட்டார்கள். ஹங்கேரிக்காரர் குடும்பப்பெயரை முன்னால் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் வந்தது, முன்னுக்கும் பின்னுக்கும் மாறுபட்டுத் திண்டாடுகிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று.

லித்துவேனியாவில் இருந்து புருசன், பெண்சாதி, வயதுவந்த மகள் என்று மூவர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஒரே பெயர்தான், ஆனால் ஆணுக்கு ஒரு முடிவு, மணமானவளுக்கு ஒரு முடிவு, மணமாகாதவளுக்கு இன்னொன்று. கிர்ஸ்டன் மூன்று பாஸ்போட்டையும் மேசையில் பரப்பிவைத்து, "இவை ஒரு குடும்பமா, மூண்டு குடும்பமா?" என்று கேட்டாள்.

எல்லாரையும்விட என்னை அசத்தியவர் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர். தகப்பனின் பெயரோடு மகன் என்று சேர்த்தால் அவருடைய இரண்டாம் பெயர். அவருடைய தங்கைக்கு அதே தகப்பன் பெயரோடு மகள் என்று வரும். குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. நாட்டின் தலைவரைக்கூட அவருடைய சொந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். "உங்கட ஊரில எப்பிடி?" என்று அவர் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தபடி அரைமணித்தியாலம் கதைத்தோம்.

டேனிஷ்காரரும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தவர்கள். நீல்ஸின் மகன் நீல்சன், அவனுடைய மகனுக்கு வேறு பெயர். பிறகு அரசாங்கம் ஒரு பெயரைப் பிடித்து நிறுத்திவிட்டது. நிறுத்தின இடத்தில் நீல்சனாக இருந்தவர்களின் சந்ததி இன்றும் நீல்சன்தான். கிர்ஸ்டனும் நீல்சன்.

"கிர்ஸ்டன், நீ ஆருடைய மகன்?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

இப்படியாகப் பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பெயரில் சிக்கல் என்றால் ராணியிடம் கேள் என்பார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது. ஒரு சட்டமும் மனதில் போட்டுக்கொண்டேன்: எந்த மனிதரையும் தகப்பன் பெயரால் கூப்பிட வைக்கக் கூடாது. நான் பட்டது போதும்.

பல்கேரியர் வந்தபோது அந்தச் சட்டம் நன்றாக வேலை செய்தது. அவர்களுக்கு மூன்று பெயர். சொந்தப் பெயர், தகப்பன் பெயரில் இருந்து வருவது, குடும்பப்பெயர். நடுவில் இருப்பது தகப்பன் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டேன். டேனிஷ்காரரும் தங்கள் நடுப்பெயரை வேலையிடத்தில் பாவிப்பதில்லை, எனவே கிர்ஸ்டனும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பல்கேரியனுக்கும் சுருக்கமான, சுத்தமான அட்டை கொடுத்தேன். உபகாரம் செய்கிறேன் என்றுதான் மனதார நினைத்தேன். அவர்களில் ஒருவரிடமாவது ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

3. இரண்டு டிமிதர்

முதலில் வந்த டிமிதர் கொலேவ் இருபத்தாறு வயதுப் பெடியன். சாமான்களை அடுக்கிவைக்கும் குளிரறையில் வேலை. வேலை முடிந்ததும் டேனிஷ் வகுப்புக்கு ஓடுவான். சாமான் ஓடும் பெல்ட் நின்றுபோனால் மின்சாரக்காரர் திருத்தி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பான். பராமரிப்புப் பகுதித் தலைவர் இதைக் கவனித்து, வரும் ஓகஸ்டில் இருந்து அவனை லேர்லிங்காக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். லேர்லிங் என்றால் தொழில் பயிலுநர். தொழிற்சாலையில் கொஞ்சம், தொழிற்பாடசாலையில் கொஞ்சம் என்று நாலு வருடத்துக்கு மேல் படித்தால் சான்றிதழ் பெற்ற மின்சாரக்காரர் ஆகலாம். வருடத்துக்கு ஒரே ஒரு இடம். ஒப்பந்தத்தை அடித்து வைத்ததும் நான்தான். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து வந்த இரண்டாவது டிமிதர் கொலேவ் முப்பது வயதுக்காரர். மா குழைக்கும் பகுதியில் வேலை. அவரைப் பதியும்போது அதே பெயர் ஏற்கெனவே இருப்பதைக் கண்டேன். பல்கேரியாவில் இது எங்கள் ஊர்க் கணேசன் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். ஒருவர் குளிரறை, மற்றவர் மா. இலக்கமும் வேறு வேறு. குழம்ப என்ன இருக்கிறது?

ஜூலை வந்தது. டென்மார்க்கில் ஜூலையில் பாதித் தொழிற்சாலை லீவில் போய்விடும். மிஞ்சினவர்களை அங்கும் இங்கும் மாற்றி ஓட்டுவார்கள். போர்மன்மாரும் தற்காலிக ஆட்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மாப் பகுதியில் நின்ற தற்காலிகப் போர்மன் ஒரு துண்டு எழுதிக் கந்தோருக்கு அனுப்பினார். டிமிதர் கொலேவ் மாச் சைலோவுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்தார், நேரில் கண்டேன் என்று அதில் இருந்தது.

சைலோ என்பது மா நிரப்பிய பெரிய கோபுரத் தொட்டி. காற்றில் பறக்கும் மாத் தூளுக்கு ஒரு நெருப்புப் பொறி போதும், கட்டடமே வெடித்து எழும்பிவிடும். அங்கே சிகரெட் பிடித்தால் எச்சரிக்கை கிடையாது, உடனே வேலையை விட்டு நிறுத்துவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த விதி.

கணினியில் பெயரைத் தட்டினேன். முதலில் வந்த கோப்பைத் திறந்தேன், இன்னொரு டிமிதர் இருப்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. குளிரறைக்காரன் ஏன் சைலோவுக்குப் போனான் என்று ஒரு கணம் தோன்றியது. ஜூலைதானே, மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, துண்டில் அது இல்லை. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கடிதத்தை அடித்தேன், கிர்ஸ்டன் கையெழுத்து வைத்தாள். புதன்கிழமை அது அவன் கைக்குப் போனது. ஒரு பிரதி பராமரிப்புப் பகுதித் தலைவருக்கும் போனது. லேர்லிங் இடம் வெறுமையாகிவிட்டதே என்று அவர் அன்றைக்கே வரிசையில் அடுத்து நின்ற ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

அவன் திறமையான பெடியன், இப்படிக் கெடுத்துக்கொண்டானே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவன்மேல் கோபமும் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

4. செல்வம் அண்ணை

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வம் அண்ணை கந்தோருக்கு வந்தார். மன்னார் ஆள், குளிரறையில் பெட்டி தூக்கும் ட்ரக் ஓட்டுகிறவர். எனக்கு முந்தியே அங்கே சேர்ந்தவர், கந்தோர்ப் பக்கம் சும்மா வரமாட்டார். தடித்த குளிர்ச்சட்டையோடு என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி, டிமிதரை நிப்பாட்டிப் போட்டியளாம்."

"ஓம் அண்ணை. சைலோவடியில சிகரெட் பிடிச்சிருக்கிறான்."

"ஆர், அவனோ?" என்றார். "அவனுக்கு முட்டு வருத்தமெல்லே. மாத் தூசு ஒத்துக்கொள்ளாமத்தானே குளிரறைக்கு வந்தவன். சிகரெட் மணந்தாலே இருமுவான். செவ்வாய் முழுக்க என்னோடதான் நிண்டவன். நீங்கள் பிழையான ஆளை அனுப்பிப் போட்டியள், தங்கச்சி."

அவரை நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு கோப்புகளையும் எடுத்துப் பாஸ்போட் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் டிமிதர் இவானோவ் கொலேவ். மற்றதில் டிமிதர் பெத்ரோவ் கொலேவ். ஒருவர் இவானின் மகன், மற்றவர் பெதரின் மகன். பாஸ்போட்டில் தெளிவாகத்தான் இருந்தது. அதை வெட்டினது நான். என்னைக் கேட்காமல் யாரோ என் அட்டையில் அப்பாவைப் போட்டார்கள் என்று இருபது வருடம் குறைசொல்லித் திரிந்தவள், அவர்களைக் கேட்காமல் அவர்களுடைய அப்பாக்களை எடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்ததும் செல்வம் அண்ணையின் காரில் இருவருமாக டிமிதர் இருந்த வீட்டுக்குப் போனோம். ஆறு பேர் பங்குபோட்டு இருக்கும் வீடு. அவன் கட்டிலில் பையைத் திறந்துவைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்சுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

"சிகரெட் பிடிச்சது நீயில்லை," என்றேன்.

"இல்லை."

"பிறகேன் நீ ஒண்டும் சொல்லேல்லை?"

அவன் ஒரு சட்டையை மடித்துப் பையில் வைத்தான். "கடிதம் வாசிச்ச உடன எனக்கு விளங்கினது. அது பெதர் பெரியப்பான்ர மகன். அவன்ர மனிசியும் பிள்ளையும் வந்து ரெண்டு கிழமைதான். பிள்ளை ஓகஸ்டில பள்ளிக்கூடம் போகவேணும். நான் இல்லை எண்டு சொன்னால் நீ அடுத்த கடிதத்தை அவனுக்கு அடிப்பாய்."

"அவனுக்கு இது தெரியுமோ?"

"தெரியாது. புதன்கிழமையில இருந்து லீவு. மனிசி பிள்ளையோட கடற்கரைக்குப் போயிட்டான்."

"ரெண்டு பேருக்கும் ஏன் ஒரே பேர்?" என்று செல்வம் அண்ணை கேட்டார். எங்கள் ஆட்கள் எந்த அவசரத்திலும் இதை விடமாட்டார்கள்.

"எங்கட தாத்தா டிமிதர். மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குத் தாத்தான்ர பேர் வைக்கிறது எங்கட வழக்கம். அவருக்கு ரெண்டு பெடியங்கள். ரெண்டு பேருக்கும் முதல் பிள்ளை ஆம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் தகப்பனுக்கு மரியாதை செய்தவை," என்றான். "ஊரில குழப்பமில்லை. நான் இவான்ர டிமிதர், அவன் பெதர்ர டிமிதர். பாஸ்போட்டிலும் நடுவில இருக்கு. இஞ்ச தந்த அட்டையில இல்லை. டென்மார்க்குக்குத் தகப்பன் தேவையில்லையாக்கும் எண்டு நினைச்சம்."

அதன்பிறகு அவன் சொன்னதை அவன் குறையாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னான். "அப்பா போன வருசம் செத்துப்போனார். பேரிலயாவது இருக்கட்டும் எண்டு எனக்கு ஆசையிருந்தது. நீ பெரிய கந்தோர்க்காரி. உன்னட்டை எப்பிடிக் கேக்கிறது?"

என்னிடம் கேட்கப் பயம். நிரந்தர விசா வரும்வரை எனக்கிருந்த அதே பயம். நான் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து கனகாலமாகிவிட்டது, அதனால் அது கண்ணில் படவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பஸ்சில ஏறாதை," என்றேன்.

"அவனைப் பற்றிச் சொல்லமாட்டன் எண்டு சொல்லு. அப்ப ஏறமாட்டன்."

"நான் செய்த பிழையை மட்டும் சொல்லுவன்," என்றேன். அதற்குமேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. அவன் பையை மூடவுமில்லை, உடுப்பை வெளியே எடுக்கவுமில்லை.

5. திங்கட்கிழமை

வீட்டில் சிவநேசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"பெடியனே பேசாமல் போறன் எண்டுறான். நீர் ஏன் கிளறுறீர்? உமக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் ஆர் உம்மை எடுப்பினம்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. அவன் பஸ் ஏறினால் ஒருவருக்கும் தெரியவராது. செல்வம் அண்ணையும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார். ஆனால் அந்தப் பையைக் கண்டுவிட்டேன். சனிக்கிழமை காலை கிர்ஸ்டனின் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"கிர்ஸ்டன், நான் பிழையான ஆளுக்குக் கடிதம் அடிச்சுப்போட்டன்."

பின்னால் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அதை யாரோ நிறுத்தினார்கள். நான் செய்த பிழை முழுவதையும் சொன்னேன்.

"அவனைப் போகவேண்டாம் எண்டு சொல்லு. கடிதம் செல்லாது," என்றாள். "திங்கள் ஏழு மணிக்கு வா." உடனே டிமிதருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு இரண்டு பாஸ்போட் பிரதிகளையும் அந்தத் துண்டையும் அவளுடைய மேசையில் வைத்தேன்.

"சரி, அப்ப சிகரெட் பிடிச்சது ஆர்?" என்றாள்.

"துண்டில டிமிதர் கொலேவ் எண்டு மட்டும்தான் இருக்கு. ரெண்டு பேர் இருக்கினம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இவானின் மகன் செல்வம் அண்ணையோடு நின்றவன் என்றால் மிச்சம் யார் என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். இருந்தாலும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு பெதரின் மகன் வந்தார். லீவு முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. வெயிலில் முகம் சிவந்து, கையில் தொப்பியோடு நின்றார். கூடத் தொழிற்சங்கப் பிரதிநிதி. ஞாயிறு பின்னேரம் தம்பி முறையான இவானின் மகன் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். தான் இங்கேயே நிற்பதாகவும், அண்ணன் பேசாமல் இருந்தால் போதும் என்றும்.

"நான்தான் பிடிச்சது," என்றார். அவருடைய டேனிஷ் அவ்வளவுதான். மிச்சத்தைத் தொழிற்சங்கப் பிரதிநிதி சொன்னார்.

விதிப்படி அவருக்கும் அதே கடிதம்தான் போக வேண்டும். இரண்டு மணித்தியாலம் பேச்சு நடந்தது. தானாக வந்து ஒப்புக்கொண்டார், சைலோவில் எச்சரிக்கைப் பலகை டேனிஷில் மட்டும்தான் இருந்தது, கந்தோரும் ஒரு பிழை விட்டிருக்கிறது என்று பிரதிநிதி வாதாடினார். கடைசியில் எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு அவரை மாப் பகுதியில் இருந்து பெட்டி அடைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். பிள்ளை ஓகஸ்டில் பள்ளிக்கூடம் போனது.

எனக்கும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அதை அடித்ததும் நானே, ஏனென்றால் ஜூலையில் கந்தோரில் வேறு ஆள் இல்லை. கிர்ஸ்டன் வாசித்துப் பார்த்து, ஒரு தாளைத் திருப்பித் தந்து, "திகதி போடேல்லை," என்றாள்.

இவானின் மகனுக்குக் குளிரறை வேலை திரும்பக் கிடைத்தது. லேர்லிங் இடம் கிடைக்கவில்லை. பராமரிப்புப் பகுதித் தலைவரிடம் நான் இரண்டு தரம் போய்க் கேட்டேன்.

"ராணி, மற்றவன் கையெழுத்து வச்சிட்டான். அவன் என்ன பிழை செய்தவன்? இவன் அடுத்த ஓகஸ்டுக்கு வரட்டும்," என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

6. கேட்டபோது

அந்த இலையுதிர்காலம் முழுக்க வேலைசெய்கிறவர்களை ஒவ்வொருவராகக் கந்தோருக்குக் கூப்பிட்டேன். பாஸ்போட்டைத் திறந்துவைத்து இரண்டே கேள்விகள்: இதில் எது என்ன, உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்?

எனக்குத் தெரிந்ததாக நினைத்ததில் பாதி பிழை. ஸ்பெயின்காரர், "அம்மான்ர பேரை எடுக்காதை, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு," என்றார். லித்துவேனியத் தாய் தன் முடிவைத் தொடக்கூடாது என்றாள், மகளோ இரண்டு முடிவும் வேண்டாம், ஆர் கலியாணம் கட்டினவள் என்று பெயரிலேயே ஏன் எழுதிவைக்க வேண்டும் என்றாள். இவானின் மகன் நடுப்பெயரைப் போடச் சொன்னான். அடுத்ததாக வந்த பல்கேரியப் பெண், "போடாதை," என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், அந்த மனிதன் தாயை அடிக்கிறவன் என்று. ஒரே நாடு, ஒரே வழக்கம், இரண்டு பதில். என் பழைய சட்டம் அவளுக்குச் சரியாகப் பொருந்தியது, அவனிடமிருந்து லேர்லிங் இடத்தைப் பறித்தது. புதுச் சட்டம் ஒன்று போட்டிருந்தால் அது மறுபக்கமாகப் பிழைத்திருக்கும்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் டிமிதர் இவானோவ் கொலேவின் ஒப்பந்தத்தை மறுபடி அடித்தேன். கையெழுத்துப் போட வந்தான். முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் வாசித்தான். முந்தி என்னைக் கண்டால் சிரிப்பான், கதைப்பான். அந்த ஜூலைக்குப் பிறகு வணக்கம் மட்டும்தான். அதற்கு அவனைக் குறைசொல்ல முடியாது. அவனுக்குப் பதிலாக எடுபட்ட பெடியன் அப்போது இரண்டாம் வருடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், இவன் அவனுக்குக் கீழே தொடங்க வேண்டும்.

"என்னில இன்னும் கோபமா?" என்று கேட்டேன்.

பேனையை எடுத்தான். "கோபமில்லை," என்றான். "ஒரு வருசம்."

கையெழுத்தை வைத்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

இளைய ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் மேசைக்கு ஒரு பாஸ்போட் வரும்போது அந்த நாட்டு வழக்கம் தெரிந்திருந்தால் நல்லது, ஆனால் அதோடு நிற்க வேண்டாம். உங்களுக்குப் பட்ட காயத்தை வைத்து மற்றவருக்கு மருந்து கட்டவும் வேண்டாம். ஆள் முன்னால்தான் இருப்பார், கேளுங்கள். கேட்டிருந்தால் எனக்கு ஒரு நிமிடம் போயிருக்கும். நான் கேட்காததில் அவனுக்கு ஒரு வருடம் போனது.